முதல்ல நீ படு

அந்த அக்கா என்னிடம் முதன்முதலாகச் சொன்னது "வா, உக்காரு" அல்ல. "முதல்ல நீ படு" என்பதுதான்.

திகாம் பத்து என்கிற சின்ன ஊரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து இரண்டு வரிசை தள்ளி அவருடைய மூலை வீடு. என் இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை தர்ஷினி, தோளில் அவள் துணி மூட்டை, கையில் மரியாதைக்கு வாங்கிய ஒரு சீப்பு வாழைப்பழம். இந்தக் கோலத்தில் ஒருத்தி வாசலில் வந்து நின்றால் சாதாரண மனிதர்கள் பழத்தையாவது வாங்கி வைப்பார்கள். அக்கா பழத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையையும் கொஞ்சவில்லை. என்னை நேராக உள்ளறைக்குக் கூட்டிப்போனார். தரையில் சின்ன மெத்தை ஒன்று, பலகை மாதிரித் தட்டையாக, விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிக் கிடந்தது. அதைக் காட்டித்தான் அப்படிச் சொன்னார்.

"நானாக்கா?"

"பின்ன? ராத்திரி பூரா ஒன் பிள்ளை இங்கதான் கெடக்கப் போவுது. கண்ணத் தொறந்தா என்னா தெரியும், உருண்டா எங்க போவும், கைய நீட்டினா என்னா எட்டும்னு பெத்தவ நீ பாக்க வேணாமா? படு லா, நேரமாவுது."

பிள்ளையை அவரிடம் கொடுத்துவிட்டுப் படுத்தேன். தலையும் முதுகும் மெத்தையில், மிச்சமெல்லாம் சிமெண்டுத் தரையில். என் மகள் அவர் இடுப்பிலிருந்து என்னைக் குனிந்து பார்த்துச் சிரித்தாள். தாயை இந்த நிலையில் பார்ப்பது அவளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

"என்னா தெரியுது?"

"சீலிங்."

"வேற?"

"காத்தாடி."

"நேரா மூஞ்சிக்கு மேலயா, தள்ளியா?"

"தள்ளித்தான்கா."

"ஜன்னல் துணி எட்டுதா பாரு. வயரு? கயிறு? பிளாஸ்டிக் பை?"

கையை நாலு பக்கமும் வீசிப் பார்த்தேன். ஒன்றும் எட்டவில்லை.

"அப்ப சரி, எழுந்திரு. பழத்த மேசை மேல வையி" என்றார். ஆக, பழத்தைப் பார்த்துத்தான் இருக்கிறார்.

அவருக்குப் பெயர் இருந்தது. எங்கள் வரிசையில் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. பிள்ளை பார்க்கிற அக்கா என்றால் தபால்காரருக்கும் தெரியும். நானும் இங்கே பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் எங்கிருந்தாவது போன் போட்டு, "என்னைய கேட்டியா?" என்பார். தன்னைக் கேட்காமல் செய்கிற எந்தக் காரியத்தையும் அவர் நல்ல காரியம் என்று ஒத்துக்கொண்டதில்லை.

சுங்கை பட்டாணியில் ஓர் எலக்ட்ரானிக் கம்பெனியில் எனக்கு வேலை. இரவு ஷிப்ட், ஏழுக்கு ஏழு. ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் முக்கத்தில் வந்து நிற்கும். என் வீட்டுக்காரருக்கு லாரி. சரக்கேற்றிக்கொண்டு இரவில்தான் கிளம்புவார். என் அம்மா செமிலிங்கில் தம்பியின் மூன்று பிள்ளைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாலாவதாக ஒன்றைக் கொண்டுபோய்த் தள்ள எனக்கு மனசு வரவில்லை. பகலில் பிள்ளை பார்க்க ஆள் கிடைப்பார்கள். இரவு முழுக்க வைத்துக்கொள்ள அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வீடுதான் இருந்தது. அந்தக் கதவு சாத்திக்கொண்டால் என் வேலை போய்விடும். இது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

தெரிந்ததனால் ஒரு நாளும் அதட்டியதில்லை. ஆனால் விட்டுக்கொடுத்ததும் இல்லை.

அவர் யாரையும் நம்ப மாட்டார். அதுதான் அவர். பிள்ளை தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில் தலையணையை நம்ப மாட்டார், பஞ்சு பொம்மையை நம்ப மாட்டார், கனத்த போர்வையை நம்ப மாட்டார். மண்டை உருண்டையாக வரட்டும் என்று ஒரு தாய் ஆசையாகத் தைத்துக் கொண்டுவந்த கடுகுத் தலையணையைப் பிரித்து, அந்தக் கடுகைத் தாளித்துச் சட்னி அரைத்துக் கொடுத்தனுப்பினார். கொசுவர்த்தி கிடையாது, வலைதான், அதையும் நாலு மூலையும் விறைக்கக் கட்டி. பகலில் எல்லா வீட்டையும்போல ஸ்பிரிங்கில் சேலைத் தொட்டில் ஆடும். விளக்குப் போட்டதும் அதைச் சுருட்டி உயரத்தில் மாட்டிவிடுவார். "தொட்டிலு முழிச்சிருக்கறவங்களுக்கு. நான் தூங்கப் போறேன் லா" என்பார். பிள்ளைகளை மல்லாக்கப் போட்டு, ஒரு கை தூரத்தில் தனிப் பாயில் தான் படுத்துக்கொள்வார்.

லீவு நாளில் வீட்டில் தர்ஷினி எங்கள் இருவருக்கும் நடுவில் தூங்குவாள் என்று நான் பெருமையாகச் சொன்னபோது, கூட நின்ற என் வீட்டுக்காரரின் உடம்பை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு மாட்டுக்கு நடுவுல கன்னுக்குட்டியப் போடுவியா?" என்று கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே அவளுக்குத் தனிப்பாய் வாங்கிவிட்டேன்.

பிள்ளையைச் சேர்க்கிற அன்று படுத்துப் பார்ப்பதற்குத் தவிர, அந்த அறைக்குள் ஆண்களுக்கு அனுமதியில்லை. அதில் அவர் வீட்டுக்காரரும் சேர்த்தி. அந்த மனிதர் பாவம், கூடத்தில் படுத்துக்கொண்டு, சொந்த வீட்டில் சொந்த அலமாரியிலிருந்து சட்டை எடுக்க வாசற்படியில் நின்று அனுமதி கேட்பார். காப்பிக் கடையில் சிகரெட் பிடித்துவிட்டு வந்தால் குளித்து, சட்டை மாற்றி, அப்புறம்தான் சோறு.

"அவர கூடவா நம்பல?" என்று கேட்டேன்.

"நான் என்னையவே நம்பறது இல்ல. இவர எதுக்கு நம்பணும்?"

சும்மாச் சொல்லவில்லை. அவரிடம் மூன்று கடிகாரங்கள் இருந்தன. பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று அலாரம். மூன்றையும் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பார், எழுந்து நின்றால்தான் அணைக்க முடியும். காலையில் நான் போய் நின்றதும் ஒப்பிப்பார்: "பன்னெண்டுக்குப் பாத்தேன், நல்லா மூச்சு. ரெண்டுக்கு எழுந்து கத்துனா, பால் குடிச்சா, படுத்தா. நாலுக்குப் பாத்தேன், ஒரு காலு வலைக்கு வெளிய, உள்ள எடுத்து வெச்சேன்." என் மகள் ஒரு நாள் தவறாமல் இரண்டு மணிக்கு எழுந்து கத்துவாள். அந்தக் கடிகாரம் வேண்டாம், இவளே போதும் என்பார் அக்கா.

படுக்கச் சொல்லுகிற விஷயத்தில் அவருக்குப் பெரியவர், சின்னவர் கிடையாது. பள்ளிக்கூட டீச்சர் புடவையோடு படுத்திருக்கிறார். ஒரு குத்தகைக்காரர் படுத்துவிட்டு எழ முடியாமல் ஜன்னல் கம்பியைத் தேடியதை நானே பார்த்தேன். ஒருநாள் யூனிபாரத்தில் வந்த ஒரு போலீஸ்காரர், தொப்பியோடு விறைப்பாகப் படுத்தார். "தொப்பியக் கழட்டுங்க தம்பி, பிள்ளை தொப்பி போட்டுட்டுத் தூங்காது" என்றார் அக்கா. படுத்தவர் ஓரமாகத் திரும்பி, "அக்கா, இந்த பிளக் மூடி ஆடுது" என்றார். சுவரில், தரையோடு ஒட்டினாற்போல் ஒரு பிளக். பிள்ளை உருண்டுபோனால் விரல் படும் இடம். இத்தனை வருடம் அக்கா கண்ணிலேயே படாதது. வேறொருவராக இருந்தால் முகம் சிறுத்திருக்கும். அக்கா கைகொட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா, இதுக்குத்தான் லா படுக்கச் சொல்றது!" அன்றைக்கே ஆள் வைத்து அதை அடைத்தார். ஒரு வாரத்துக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம், தான் ஏமாந்த கதையை ஏதோ பரிசு வாங்கிய மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறைக் கதவின் பின்னால் ஓர் ஆணி. ராத்திரி ஆனால் பிள்ளைகளின் கழுத்திலும் இடுப்பிலும் இருக்கிற எல்லாம் அந்த ஆணிக்குப் போய்விடும். கறுப்புக் கயிறு, தாயத்து, வெள்ளி அரைஞாண், சீனக் கடைக்காரர் பேரனின் சிவப்பு நூல் எல்லாம் அங்கே ஒன்றாகத் தொங்கும். சாமிக் கயிறைக் கழற்றலாமா என்று யாராவது இழுத்தால், பதில் தயாராக இருக்கும். "சாமி கதவுகிட்ட காவல் இருக்கட்டும். பிள்ளைய நான் பாத்துக்கறேன்."

இதில்தான் என் வீட்டுக்காரருக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பார்க்க ஐயனார் மாதிரி இருப்பார். மீசை உண்டு, குரல் உண்டு. ஆனால் தெருவில் நாய் ஊளையிட்டால் எழுந்து உட்கார்ந்து என்னையும் எழுப்பிவிடுவார். பிள்ளை தூங்குகிற இடத்தில் இரும்பு இருக்க வேண்டும், இரும்பு இருந்தால் எதுவும் அண்டாது என்பது அவர் கட்சி. அவர் பிறந்தபோது ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில், தலைமாட்டில், ரப்பர் பால் வெட்டும் கத்தியை வைத்திருந்தார்களாம். இப்போது கத்திக்கு எங்கே போவது? லாரியில் ஸ்பேனர் இருந்தது. பதினேழாம் நம்பர். நல்ல கனம்.

எனக்குத் தெரியாமல் அதைத் துணி மூட்டையின் அடியில் போட்டு, பிள்ளையை விடப்போன சாக்கில் மெத்தைக்கு அடியில் தள்ள அறை வாசலிலிருந்தே முயன்றிருக்கிறார். அறைக்குள் ஆண்பிள்ளைக்கு அனுமதி இல்லையே! கை நீளம் போதாமல் குப்புறப் படுத்துக் கால்களைக் கூடத்தில் நீட்டிக்கொண்டு கிடந்தவரை அக்கா பிடித்துவிட்டார்.

"என்னா தம்பி, பிள்ளைய ரிப்பேருக்கா கொண்டாந்தீங்க?"

ஐயனார் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். அக்கா ஸ்பேனரை அவர் கையில் கொடுத்து, "சூசாவா இருக்கு, பெரிய தொல்லை தம்பி ஒங்களோட. மொதத் தடவ, போங்க" என்று அனுப்பிவிட்டார். நான் அன்று பஸ்ஸில் சுங்கை பட்டாணி வரைக்கும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இரண்டாவது தடவை சிரிக்க முடியவில்லை. இந்த மனிதர் இரும்பின் அளவைக் குறைத்தால் பிடிபட மாட்டோம் என்று கணக்குப் போட்டு, ஒரு சின்ன நட்டை எடுத்து, தர்ஷினியின் சட்டைக் கீழ்மடிப்புக்குள் வைத்து, கோணி ஊசியால் தானே தைத்திருக்கிறார். மூட்டை வந்தால் ஒவ்வொரு துணியையும் விரலால் தடவிப் பார்ப்பது அக்காவின் வழக்கம் என்று அவருக்குத் தெரியாது. அக்கா நூலைப் பிரித்து நட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"பல்லு மொளைக்கற வயசு. கைக்குக் கெடைக்கறதெல்லாம் கடிக்கறா. நூலைக் கடிச்சு இழுத்து இத்த முழுங்கியிருந்தா, பேய் வந்து எடுக்குமா?"

நான் அழுதுவிட்டேன். அக்கா அதற்கெல்லாம் இளகவில்லை.

"ரெண்டு தடவ ஆச்சு. மூணாவது தடவ ஒங்க வூட்டுலேருந்து எதையாவது எங்கிட்ட மறைச்சா, மூட்டைய வாசல்ல வெச்சிடுவேன். நான் சொன்னா சொன்னதுதான்."

சொன்னால் சொன்னதுதான் என்பதற்குச் சாட்சி இருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு குடும்பம், பிள்ளைக்கு வெள்ளிக் கொலுசை மூன்று தடவை காலுறைக்குள் ஒளித்து அனுப்பியது. மூன்றாம் தடவை பிடிபட்டதும் காலையில் மூட்டை வாசலில் இருந்தது. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டுத் தாய் வீட்டுக்கே போய்விட்டாள். மறுநாள் பகலில் நான் என் வீட்டுக்காரரிடம் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் லாரியில் இருந்த எல்லா இரும்பையும் என் கண்முன்னே பெட்டியில் போட்டுப் பூட்டினார்.

இப்படி ஒருத்தர் இருந்தால் ஊர் கதை கட்டாமல் இருக்குமா? அக்காவுக்கு ஒரு பிள்ளை தூக்கத்தில் இறந்துபோயிருக்கும், அந்த அடியில்தான் இப்படி ஆகிவிட்டார் என்று எங்கள் வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஆண்பிள்ளை என்று ஒருத்தி, இல்லை இரட்டை என்று இன்னொருத்தி. நானும் நம்பினேன். அவரைப் பார்க்கும்போதெல்லாம் முகத்தைப் பாவமாக வைத்துக்கொள்வேன். ஒருநாள் அக்காவுக்கே பொறுக்காமல், "என்னா நீ, பல்லு வலியா?" என்று கேட்க, நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா கோபப்படுவார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு மூணு பிள்ளை, மூணும் நல்லா தின்னுட்டு நல்லா இருக்குதுங்க. ஏன் தங்கச்சி, ஒரு உசுரு போனாத்தான் புத்தி வரணுமா? போறதுக்கு முன்னாடி வந்தா ஆகாதா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி விடவில்லை.

ஆனாலும் எனக்குப் புத்தி வந்துவிடவில்லை. அதற்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

அந்த வாரம் தர்ஷினிக்குச் சளி. மூக்கடைத்துக்கொண்டு சிணுங்கினாள். நான் ஏற்கெனவே இரண்டு நாள் லீவு போட்டிருந்தேன். மூன்றாவது நாளும் வராவிட்டால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாக சூப்பர்வைசர் சொல்லியிருந்தாள். சளிப் பிள்ளையைக் கொண்டுபோனால் அக்கா வைத்துக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்கவில்லை. கம்பெனியில் என் பக்கத்தில் உட்காருகிறவள் ஓர் இருமல் மருந்து கொடுத்திருந்தாள். "ஒரு மூடி குடு, மூக்கும் தெறந்துக்கும், விடியிற வரைக்கும் தூங்கும்" என்றிருந்தாள். அது எத்தனை வயசுப் பிள்ளைக்கு உள்ள மருந்து என்று நான் பார்க்கவில்லை. மாலையில் கொடுத்தேன். மூக்கைத் துடைத்து, பவுடர் போட்டு, மூலை வீட்டுக்குத் தூக்கிப்போனேன்.

அக்கா அவளை வாங்கி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"என்னமோ மாதிரி இருக்கா. மருந்து ஏதாச்சும் குடுத்தியா?"

"இல்லக்கா" என்றேன். முக்கத்தில் பஸ் ஹாரன் அடித்தது. ஓடிவிட்டேன்.

காலை ஏழு மணிக்குக் கம்பெனி வாசலில் காவலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு துண்டுக் காகிதம் கொடுத்தார். இரவு போன் வந்ததாம், வேலை நடக்கும்போது ஆளைக் கூப்பிட முடியாதாம். பிள்ளையைக் கிளினிக்குக் கொண்டுபோகிறார்கள் என்று மலாயில் எழுதியிருந்தது. அவ்வளவுதான். கீழே ஒன்றும் இல்லை. பஸ் திகாம் பத்துவுக்கு வந்த அந்த நேரத்தை நான் என் எதிரிக்கும் கொடுக்க மாட்டேன். எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். ஸ்பேனரைக்கூடக் கும்பிட்டிருப்பேன்.

மூலை வீட்டுக் கதவு திறந்திருந்தது. பிள்ளை அக்காவின் மடியில் உட்கார்ந்து பிஸ்கட்டை நனைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பிஸ்கட்டோடு கையை நீட்டினாள். அந்தப் புறங்கையில் ஒரு சின்ன பிளாஸ்திரி.

அக்கா வழக்கம்போல ஒப்பித்தார். குரலை உயர்த்தவில்லை.

"பன்னெண்டுக்குப் பாத்தேன், தூங்குனா. ரெண்டுக்கு அலாரம் அடிச்சுது, இவ எழுந்திரிக்கல. தட்டிப் பாத்தேன், காலக் கிள்ளிப் பாத்தேன், கண்ணு பாதிதான் தொறக்குது, திரும்ப மூடிக்குது. பக்கத்து வூட்டு மலாய்க்காரப் பெரியவரு, அந்த பாக்சிக்க எழுப்பி காடி எடுக்கச் சொல்லி, அவரு கார்லயே கிளினிக் கொண்டு போனேன். டாக்டரு கேட்டாரு, என்னா மருந்து குடுத்தீங்கன்னு. ஒண்ணும் குடுக்கலன்னு சொன்னேன். பெத்தவளே சொன்னா, அதான். ஒண்ணும் குடுக்காம ஏன் இப்படித் தூங்குதுன்னு அவங்க ஊசி போட்டு ரத்தம் எடுத்தாங்க. மொதக் குத்துல நரம்பு கெடைக்கல, ரெண்டாவது தடவ குத்துனாங்க. அப்பறம் நான் இவ வாய மோந்து பாத்தேன். இனிப்பு வாடை. அப்பத்தான் இருமல் மருந்துன்னு தெரிஞ்சுது. டாக்டருகிட்ட சொன்னேன், இவ நல்லா முழிக்கற வரைக்கும் வெச்சுப் பாத்துட்டு அனுப்புனாரு."

பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே, "நீ சொன்ன ஒரு 'இல்ல'க்கு இவ கையில ரெண்டு ஊசி" என்றார்.

இது மூன்றாவது தடவை என்று எண்ணிக்கொண்டு நின்றேன். மூட்டையைத் தேடினேன். வாசலில் இல்லை. அக்கா எழுந்து அறைக்குள் போனார்.

"வா. படு."

படுத்தேன். அதே மெத்தை, அதே தரை. சீலிங், தள்ளிச் சுழலும் காத்தாடி, எட்டாத உயரத்தில் மூன்று கடிகாரம். எல்லாவற்றுக்கும் மேலே, குனிந்து பார்க்கும் அக்காவின் முகம், தூக்கமில்லாமல் கண் சிவந்து.

"என்னா தெரியுது?"

"நீங்கதான்கா."

"அதான். இவ கண்ணத் தொறந்தா என் மூஞ்சிதான். எனக்குத் தெரிஞ்சாத்தான் நான் முழிச்சிருப்பேன். சளின்னு சொல்லியிருந்தா மடியிலயே வெச்சிருப்பேன். மருந்துன்னு சொல்லியிருந்தா அப்பவே டாக்டருகிட்ட ஓடியிருப்பேன். பிள்ளைய வேணாம்னு எப்ப சொன்னேன் நான்? மறைக்காதன்னுதான் சொன்னேன்."

நான் ஏதோ பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், அழுகை, அந்தத் தட்டையான மெத்தை. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அப்படியே தூங்கிப்போய்விட்டேன்.

கண் விழித்தபோது மத்தியானம் மணி ஒன்று. சுற்றிலும் கொசுவலை கட்டியிருந்தது. ஒரு கை தூரத்தில் தனி மெத்தையில் தர்ஷினி மல்லாக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கப் போனால் தலை இலேசாக இருந்தது; கொண்டையில் ஊசி இல்லை. கழுத்தில் மாட்டியிருந்த கம்பெனி அடையாள அட்டையும் நாடாவும் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கதவாணியில், கறுப்புக் கயிற்றுக்கும் சிவப்பு நூலுக்கும் நடுவில், என் போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. தாலிச் சங்கிலியைத் தடவினேன். அது மட்டும் கழுத்தில் இருந்தது, ஆனால் சுருட்டி ரவிக்கையோடு ஒரு ஊக்கால் குத்தியிருந்தது.

சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "தாலிய மட்டும் கழட்டல. ஒன் வூட்டுக்காரரு ஸ்பேனரோட வந்துடுவாரு."

சிரிக்கத்தான் வந்தது, அழுகையும் கூடவே வந்தது. எனக்குக் கல்யாணமான பிறகு நான் தூங்கும்போது யாரும் எனக்குக் காவல் இருந்ததில்லை. அன்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மறுபடி அதே வாசலில் நின்றேன். "இன்னும் மூக்கு ஒழுகுதுக்கா, மத்தியானம் ரெண்டு தடவ இருமுனா, டாக்டர் குடுத்த சொட்டு மருந்து நாலு மணிக்கு விட்டேன்" என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அக்கா பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

தர்ஷினி ஆறு வயது வரைக்கும் அங்கே தூங்கினாள். பிறகு எனக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது. அக்காவின் மகனுக்கு செர்டாங் பக்கம் எண்ணெய் ஆலையில் வேலை கிடைக்க, அவர்கள் அங்கே குடிபோய்விட்டார்கள். கடைசியாகக் கேள்விப்பட்டது, வீட்டு வாசலில் வந்து நின்ற மருமகளின் அப்பாவைப் படுக்க வைத்துவிட்டார் என்பதுதான். நம்பக்கூடிய செய்தி.

போன மாதம் தர்ஷினியைக் கல்லூரி விடுதியில் சேர்க்கப் போனோம். பெண்கள் விடுதி என்பதால் அம்மாமார்கள் மட்டும் மேலே போகலாம். அப்பாமார்கள் எல்லாம் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறையில் இரண்டடுக்கு இரும்புக் கட்டில்கள் இரண்டு. இவளுக்குக் கீழ்த் தட்டு. பெட்டியை வைத்ததும் நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்துவிட்டேன்.

"அம்மா! எழுந்திரும்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று தர்ஷினி பல்லைக் கடித்தாள்.

மேல் தட்டுக்கு விரிப்புப் போட்டுக்கொண்டிருந்த மலாய்த் தாய் குனிந்து, ஏன் படுத்திருக்கிறீர்கள், உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். பிள்ளை பார்க்கப் போவதை நான் முதலில் பார்க்கிறேன் என்று சொன்னேன். அப்படிச் சொல்லிக்கொண்டே மேலே பார்த்தால், மேல் தட்டைத் தாங்குகிற குறுக்குக் கம்பியில் ஒரு நட்டு, பாதிக்கு மேல் கழன்று வெளியே நிற்கிறது. நேராக என் மகளின் தலை வருகிற இடம். மேலே தூங்கப் போகிறவள் அந்தத் தாயின் மகள்.

கீழே போன் போட்டேன். "என்னங்க, வண்டியில ஸ்பேனர் இருக்கா?"

"எந்த நம்பர்?"

"ஒங்க மகளுக்குக் கொண்டு போனீங்களே, அந்த நம்பர்."

அந்தப் பக்கம் வண்டியின் பின்கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, தர்ஷினியை அனுப்பச் சொன்னார். அவள் ஓடிப்போய் வாங்கி வந்தாள். நட்டு அதற்கு அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. நான் முறுக்கி முடிப்பதற்குள் மலாய்த் தாய் தன் மகளின் மேல் தட்டில் ஏறிப் படுத்திருந்தார். எதிர்க்கட்டிலில் ஒரு சீன அம்மா. "இங்கேயும் ஒன்று ஆடுகிறது" என்று குரல் கொடுத்தார்கள். நாலு தட்டையும் இறுக்கி முடித்தோம். நாலு மகள்களும் வெட்கத்தில் வராந்தாவுக்கு ஓடியிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் என் வீட்டுக்காரர், "ஸ்பேனர் எங்க?" என்று கேட்டார். "பையில இருக்கு" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அன்று ராத்திரி தர்ஷினி போன் செய்தாள்.

"அம்மா, மெத்தைக்கு அடியில அப்பாவோட ஸ்பேனர் கெடக்கு. அப்பாதான் மேலயே வரலியே, எப்படி வந்துச்சு?"

என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மீசையும் உண்டு, முன்னாலேயே கெட்ட பெயரும் உண்டு. பழியைத் தூக்கி அவர் தலையில் போட ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் அந்தச் சின்னப் புறங்கையும் பிளாஸ்திரியும் கண்முன் வந்துவிட்டன.

"நான்தாண்டி வெச்சேன்" என்றேன். "மனசு கேக்கல."

அவள் நடந்து போகிற சத்தமும், பிறகு மரக் கதவில் இரும்பு தட்டுகிற சத்தமும் கேட்டன.

"கதவுக்குப் பின்னால ஒரு ஆணி இருக்கும்மா. அதுல மாட்டிட்டேன். அங்க காவல் இருக்கட்டும்" என்றாள். "நான் அப்பறம் தூங்குறேன். முதல்ல நீ படு."